போட்டோ இருக்கு சரி, படம் இருக்கா?

முதல் செமஸ்டர்ல நீங்க செஞ்ச ஒரு குற்றத்தை நானும் செஞ்சிருக்கேன். எஞ்சினியரிங் கிராபிக்ஸ் ஷீட் சப்மிஷனுக்கு முந்தின நாள் ராத்திரி. ரெண்டு நாற்காலிக்கு நடுவுல ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழ செல்போன் டார்ச், மேல சீனியரோட ஷீட், அதுக்கு மேல என் ஷீட். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. நல்ல மார்க்கும் வந்துச்சு. ஆனா அந்த ஷீட்ல நான் வரைஞ்சது அறுகோணப் பட்டகமா, கூம்பா, எதை எங்க வெட்டினாங்கன்னு இன்னிக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. கோடு என் கையால போட்டது. பார்த்தது வேற யாரோ.

இந்தக் கட்டுரை அந்தக் கோட்டைப் பத்தினது. ஒரு கல்லைப் பத்தினதும்தான். (பன்னெண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ‘ர’வா ‘ற’வான்னு அம்மாகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் எழுதியிருக்கேன். தப்பு இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க.)

போன வருஷம் டிசம்பர் லீவுல சேதராப்பட்டு பக்கம் இருக்கிற ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவங்க நிலத்துல பழைய கிணத்தை ஆழப்படுத்தி, வெளிய எடுத்த கல்லும் மண்ணும் ஓரமா குவிச்சு வெச்சிருந்தாங்க. அதுல ஒரு பெரிய கல்லு, ரெண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கல்லு. அதோட ஒரு பக்கத்துல சுருள் சுருளா ஒரு வடிவம். ஆட்டுக்கொம்பு மாதிரி உள்நோக்கிச் சுத்திக்கிட்டுப் போகுது. நண்பனோட பாட்டி பார்த்துட்டு, “சாளக்கிராமம் மாதிரி இருக்கே”ன்னு சொன்னாங்க. பாட்டி சொன்னதுல பாதி சரி. சாளக்கிராமக் கல்லுக்குள்ள இருக்கிற சுருளும் அம்மோனைட்தான். கடல்ல வாழ்ந்து, டைனோசர்கள் அழிஞ்ச அதே சமயத்துல மொத்தமா அழிஞ்சு போன ஒரு உயிரினத்தோட ஓடு.

நாங்க என்ன செஞ்சிருப்போம்னு உங்களுக்கே தெரியும். போட்டோ எடுத்தோம். நண்பன் கல்லு மேல கால் வெச்சு ஒண்ணு, செல்ஃபி ரெண்டு, கல்லை மட்டும் ஒண்ணு. ஸ்டேட்டஸ் போட்டோம். அதுல ஒண்ணை, தெரிஞ்சவங்க மூலமா நம்பர் வாங்கி, ரிட்டயர் ஆன ஒரு ஜியாலஜி பேராசிரியருக்கு அனுப்பினோம். (பெயர் போடக்கூடாதுன்னு சொல்லிட்டார்.) ஒரு மணி நேரத்துல பதில் வந்துது.

“நல்லா இருக்கு. அளவு என்ன? குறுக்க எவ்வளவு தடிமன்? முதுகுப் பக்கம் எப்படி இருக்கு, உருண்டையா, கூரா? மேல் ஓடு உரிஞ்ச இடத்துல நெளிநெளியா கோடு தெரியுதா? பென்சில்ல வரைஞ்சு அனுப்புங்கப்பா.”

எங்களுக்குச் சிரிப்புதான் வந்துது. கையில 50 மெகாபிக்சல் கேமரா இருக்கு, மனுஷன் பென்சில் கேட்கிறார்! பொங்கல் முடிஞ்சு பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம். பொங்கல் முடிஞ்சு போனப்ப குவியலே இல்லை. சொந்தக்காரர் வீட்டு அஸ்திவாரத்துக்கு லாரியில ஏத்திட்டாங்க. கல்லு இப்ப ஒரு ஹாலுக்கு அடியில இருக்கு. எங்ககிட்ட இருக்கிறது நாலு போட்டோ. எதுலயும் ஸ்கேல் இல்லை. கல்லு மேல நண்பனோட ஷூ இருக்கிற போட்டோவை வெச்சு விட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்த மூணு கேள்விக்கும் ஷூ பதில் சொல்லாது.

அன்னிக்கு எரிச்சல்ல ஒரு கேள்வியோட படிக்க ஆரம்பிச்சேன்: கேமரா இருக்கிற காலத்துல ஒரு ஆள் எதுக்குப் பென்சில் படம் கேட்கிறார்? படிச்சப்ப கிடைச்ச பதில் நம்ம ஊர் மண்ணுக்கடியில இருந்தே ஆரம்பிக்குது.

நம்ம கொம்யூனும் லண்டனும்

வில்லியனூர், பாகூர்னு சொன்னா நமக்குக் கோயில், ஏரி, கரும்பு, கல்லூரி பஸ். இதெல்லாம் மேல. கீழ வேற கதை. ஊசுடு ஏரிக்கு வடக்கேயும் மேற்கேயும், சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு, அப்படியே எல்லை தாண்டி வழுதாவூர் வரைக்கும், மண்ணுக்கடியில கடல் பாறை இருக்கு. டைனோசர் காலம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியும் பின்னாடியும், அதாவது சுமார் 7 கோடி வருஷம் முன்னாடி தொடங்கி 6 கோடி சொச்சம் வரைக்கும், கடலடியில படிஞ்ச பாறை. புவியியல் புத்தகங்கள்ல ‘வழுதாவூர் ஃபார்மேஷன்’, ‘கரசூர் ஃபார்மேஷன்’ன்னு நம்ம ஊர்ப் பெயர்லயே இந்த அடுக்குகள் இருக்கு. நாம பஸ்ல தூங்கிக்கிட்டே கடக்கிற ஸ்டாப் எல்லாம் உலக அளவுல ஜியாலஜி படிக்கிறவங்களுக்குப் பாடம்.

1840-களின் தொடக்கத்தில், சென்னை சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கங்களில் இந்தக் கல்லோடுகளைச் சேகரித்தார்கள். சூயஸ் கால்வாய் வெட்டாத காலம். பெட்டிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றைப் பிரித்து ஆராய்ந்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். அவருடைய அறிக்கை 1846-ல் படத்தட்டுகளோடு வெளிவந்தது.

இந்த ஃபோர்ப்ஸ் யார் தெரியுமா? ஓவியர் ஆகணும்னு லண்டனுக்கு வந்து, ராயல் அகாடமியில் இடம் கிடைக்காமல் போனவர். அப்புறம் மருத்துவம் படிக்கப் போய், அதையும் முடிக்காமல், இயற்கை விஞ்ஞானி ஆனார். அரியரோட உட்கார்ந்திருக்கிற நண்பர்கள் இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கலாம். பாண்டிச்சேரி அம்மோனைட்களுக்கு அவர் வெச்ச பெயர்கள் இன்னும் ஜாலி: பிரம்மா, இந்திரா, சூர்யா! அவர் ‘அம்மோனைட்டிஸ் பிரம்மா’ன்னு எழுதினது இன்னிக்கு ‘பிரம்மைட்டிஸ் பிரம்மா’. இனப்பேரும் பிரம்மாதான், சொந்தப் பேரும் பிரம்மாதான்.

ஃபோர்ப்ஸ் கல்லைப் பார்த்தார், சரி. பாரிஸ்லயும் வியன்னாவிலயும் இருந்தவங்க என்ன பண்ணுவாங்க? கல்லு ஒண்ணுதான். ஒவ்வொருத்தருக்கும் அனுப்ப முடியாது. போட்டோகிராபி 1839-லதான் உலகத்துக்கே அறிமுகம், அதைப் புத்தகத்துல அச்சடிக்க வழி கிடையாது. ஆக, கல்லுக்குப் பதிலா ஊர் ஊரா போனது படம். ஒரு விஞ்ஞானி இன்னொரு விஞ்ஞானிக்கு எழுதுற கடிதத்துல ஓரமா ஒரு ஸ்கெட்ச் இருக்கும். அது அலங்காரம் இல்லை, கடிதத்தோட மெயின் மேட்டரே அதுதான். “என்கிட்ட இருக்கிறது இது. உங்ககிட்ட இருக்கிறதும் இதுவா?” இந்த ஒரு கேள்வியைப் படம் இல்லாம கேட்கவே முடியாது.

இப்ப அந்தப் படங்கள் எப்படி இருக்கும்னு சொல்றேன், உங்களுக்கு முதல் செமஸ்டர் ஞாபகம் வரும். ஒரு அம்மோனைட்டுக்குப் பக்கவாட்டுத் தோற்றம் ஒண்ணு. வாய்ப்பக்கமா நேருக்கு நேர் பார்த்த தோற்றம் ஒண்ணு. மூணாவதா தனியா ஒரு நெளிகோடு. அதாவது சைடு வியூ, ஃப்ரண்ட் வியூ, அப்புறம் ஒரு டீடெயில். இந்த மாதிரிப் படத்துக்கும் நம்ம ஷீட்டுக்கும் இலக்கணம் ஒண்ணுதான்.

அந்த நெளிகோடுதான் பேராசிரியர் எங்ககிட்ட கேட்டது. சூச்சர் லைன்னு பெயர். அம்மோனைட் ஓட்டுக்குள்ள அறை அறையா தடுப்புச் சுவர் இருக்கும். அந்தச் சுவர் நடுவுல ஓரளவு சமமாவும், ஓரத்துல சேலைக் கொசுவம் மாதிரி மடிஞ்சு மடிஞ்சும் போய் வெளி ஓட்டைத் தொடும். வெளி ஓடு உரிஞ்சு போன கல்லுல அந்தத் தொடுகோடு தெரியும். வகைக்கு வகை மடிப்பு மாறும்கிறதால, அம்மோனைட்டை அடையாளம் காண இது கைரேகை மாதிரி. ஆனா அது வளைஞ்ச பரப்பு மேல ஓடுற கோடு. கேமராவுக்கு முன்பக்கம் தெரிஞ்சா ஓரம் சுருங்கும், வெளிச்சம் பட்டா பாதி மறையும். அதைக் கண்ணால பின்தொடர்ந்து, வளைவைத் தட்டையா விரிச்சு, ஒரே கோடா வரையணும். நம்ம பாஷையில சொன்னா டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேஸஸ். கூடவே ஒரு சின்ன அம்புக்குறி, ஓட்டோட வாய் எந்தப் பக்கம்னு காட்ட. உலகம் முழுக்க அதே அம்புக்குறிதான். யூனிட் 4-ஐ சாய்ஸ்ல விட்டவங்க மன்னிக்கணும்.

கருத்து தப்பாச்சு, படம் தப்பலை

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணமே அடுத்து வர்ற விஷயம்தான்.

ஃபோர்ப்ஸ் தன்னோட அறிக்கையில, பாண்டிச்சேரி அடுக்கு கிரிட்டேஷியஸ் காலத்தோட அடிப்பகுதியைச் சேர்ந்ததுன்னு முடிவு சொன்னார். அதே வருஷங்கள்ல பாரிஸ்ல அல்சீத் தோர்பிஞி என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் பாண்டிச்சேரி ஓடுகளை அட்லஸ் பக்கங்களில் படங்களாக வெளியிட்டார். அவர் கணிப்புப்படி அது கிரிட்டேஷியஸோட மேல்பகுதி. ஒரே ஊர்க் கல்லு, லண்டனுக்கு ஒரு வயசு, பாரிஸுக்கு ஒரு வயசு. அப்போ வருஷக் கணக்கு போட வழி இல்லை, எந்த அடுக்கு மேல, எது கீழன்னு வரிசை மட்டும்தான். இன்னிக்குக் கணக்குல பார்த்தா ரெண்டு பேருக்கும் நடுவுல பல கோடி வருஷ வித்தியாசம்!

அரை நூற்றாண்டு கழிச்சு, 1890-களில் வியன்னாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட், பாண்டிச்சேரியிலிருந்து புதுசாகச் சேகரித்துப் போன ஓடுகளை எடுத்துக்கொண்டு, பழைய படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். தோர்பிஞி சொன்னதுதான் சரின்னு ஆச்சு. ஃபோர்ப்ஸ் தோத்தார்.

தோத்தது அவரோட கருத்து. அவர் வெளியிட்ட படங்களைத் தூக்கிப் போடலை. கோஸ்மாட்டுக்கு அது உதவுச்சு, இன்னிக்கும் பாண்டிச்சேரி அம்மோனைட் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறவங்க 1846-ன் படத்தட்டைக் குறிப்பிட்டுத்தான் தொடங்குறாங்க. ஃபோர்ப்ஸ் தன் முடிவுக்கு ஏத்த மாதிரி ஓட்டைக் கொஞ்சம் திருத்தி வரையவிட்டிருந்தா? ஒரு மடிப்பைச் சேர்த்து, ஒரு முண்டைக் குறைச்சிருந்தா? அவர் தப்பு அவரோட போயிருக்காது, 50 வருஷம் எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும். கண்ணால கண்டதை மட்டும் வரைய விட்டதால, அவரையே திருத்துற ஆதாரத்தை அவரே விட்டுட்டுப் போனார்.

ஒரு நல்ல படத்துக்கு இதைவிட வேற வேலை இல்லைன்னு நினைக்கிறேன். வரைஞ்சவன் தப்பா புரிஞ்சிருந்தாலும், பார்க்கிறவன் சரியா புரிஞ்சுக்க வழி விடணும்.

இதுக்கு உலகத்துல நிறைய சாட்சி இருக்கு. ரெண்டு மட்டும் சொல்றேன். 1784-ல் ஜெர்மனியில் கொல்லினி என்பவர் ஒரு விசித்திரமான எலும்புக்கூட்டை வரைந்து வெளியிட்டார். அது என்ன உயிரினம்னு அவருக்கே பிடிபடலை, கடல் பிராணியா இருக்கும்னு நினைச்சார். 1801-ல் பாரிஸில் இருந்த குவியே, கல்லைக் கண்ணால பார்க்காமலேயே, அந்த அச்சுப் படத்தை மட்டும் வைத்து, இது பறக்கும் ஊர்வனன்னு சொன்னார். டெரோடாக்டைல் பிறந்தது ஒரு படத்துலதான். கொல்லினி “கடல் பிராணிதானே”ன்னு விரல் எலும்பைத் துடுப்பு மாதிரி வரைஞ்சிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, அதே குவியே தப்பு பண்ணினது. 1823 டிசம்பர்ல இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ்ல மேரி அன்னிங் என்ற பெண் முழு பிளீசியோசர் எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்து, படம் வரைந்து கடிதம் எழுதினார். கழுத்து நீளத்தைப் படத்துல பார்த்த குவியே, இது ரெண்டு பிராணியை ஒட்டிச் செஞ்ச போலியா இருக்கும்னு சந்தேகப்பட்டார். அடுத்த வருஷம் லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டியில விவாதம் நடந்தது. அன்னிங் உள்ள போக முடியாது, பெண்கள் உறுப்பினராக முடியாத காலம். கடைசியில் எலும்புக்கூடு நிஜம்னு ஆச்சு, குவியே தன் தப்பை ஒத்துக்கிட்டார். காலேஜ் வாசலை மிதிக்காத, ஏழைத் தச்சர் வீட்டுப் பெண் பார்த்துப் பார்த்து எடுத்த கழுத்து, ஐரோப்பாவோட மிகப் பெரிய உடற்கூற்று நிபுணரைவிடச் சரியா இருந்துச்சு.

திருவக்கரையில மூணு வெட்டு

இங்க ஒரு கேள்வி வரலாம்: “ஓட்டுக்குச் சரி. வெளித்தோற்றமே இல்லாத ஃபாசிலுக்கு?”

அதுக்கும் பதில் பக்கத்துலயே இருக்கு. வில்லியனூரைத் தொட்டுக்கிட்டு ஓடுற நம்ம சங்கராபரணியையே மேல்நோக்கிப் போனா திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீங்க, கோயிலுக்குக் கொஞ்ச தூரத்துல இருக்கிற கல்மரப் பூங்காவுக்குப் போயிருக்க மாட்டீங்க. சுமார் 2 கோடி வருஷப் பழைய மரங்கள், செவ்வண்ண மணற்கல் பூமியில கல்லாவே கிடக்குது. அசுரனோட எலும்புன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. 1781-ல் பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இதைப் பதிவு செஞ்சதா சொல்றாங்க. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமா பாதுகாக்குது.

ஒரு கல்மரத்தை வெளியிலேர்ந்து எவ்வளவு போட்டோ எடுத்தாலும் அது என்ன மரம்னு சொல்ல முடியாது. இலை இல்லை, பூ இல்லை, கிளை இல்லை. அதனால மெல்லிய சீவலா வெட்டி, தேய்ச்சு, வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு ஆக்கி, மைக்ராஸ்கோப்ல பார்க்கிறாங்க. மூணு வெட்டு போடணும்: குறுக்கே ஒண்ணு, மையம் வழியா நெடுக்க ஒண்ணு, ஓரத்தைத் தொட்டுக்கிட்டு நெடுக்க ஒண்ணு. மூணும் சேர்ந்தாதான் அந்த மரத்தோட செல் எப்படி அடுக்கியிருக்குன்னு தெரியும். டாப் வியூ, ஃப்ரண்ட் வியூ, சைடு வியூ. இயற்கைக்கும் நம்ம சிலபஸ்தான்!

திருவக்கரைக் கல்மரத்துண்டு 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனி வரைக்கும் போயிருக்கு. அதை ஆராய்ந்து பெயர் வைத்தவர் ஷ்லைடன். ஆமா, ஸ்கூல் பயாலஜியில ‘ஷ்லைடன், ஷ்வான் – செல் கோட்பாடு’ன்னு ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதே ஷ்லைடன். அவர் பெயர் வெச்ச அந்த மரத்தை 1931-ல் நம்ம பீர்பால் சாஹ்னி இந்தியாவின் ஊசியிலை மரப் புதைபடிவங்களை மறுஆய்வு செஞ்சப்ப வேற பேரினத்துக்கு மாத்தினார். மறுபடியும் அதே கதை: பெயர் மாறுது, உறவுமுறை மாறுது. செல் அடுக்கை அப்படியே காட்டுற பதிவு இருந்தாதான் அந்த மாற்றமே சாத்தியம்.

“அதான் போன் இருக்கே?”

உங்க எதிர்வாதம் எனக்குக் கேட்குது. 2 நிமிஷ வீடியோ எடுத்தா ஆப்பே 3டி மாடல் செஞ்சு கொடுக்குது, எதுக்குப் பென்சில்?

நியாயமான கேள்வி. போனைத் தூக்கிப் போடச் சொல்லலை. போட்டோ எடுங்க, ஸ்கேல் வெச்சு எடுங்க, 3டி ஸ்கேன் பண்ண முடிஞ்சா பண்ணுங்க. ஆனா கேமரா தனக்கு முன்னாடி இருக்கிற எல்லாத்தையும் ஒரே மாதிரி எடுக்கும். விரிசலும் அதுக்கு ஒண்ணுதான், சூச்சரும் ஒண்ணுதான், கடப்பாரை பட்ட கீறலும் ஒண்ணுதான். வரையறப்ப அப்படி முடியாது. ஒவ்வொரு கோட்டுக்கும் நீங்க முடிவெடுக்கணும்: இது உயிரோட கோடா, கல்லோட விரிசலா? அந்த முடிவை எடுக்க மறுபடி குனிஞ்சு பார்க்கணும். இருபது தடவை குனிஞ்சு பார்த்தவனுக்கும் ஒரு தடவை கிளிக் பண்ணினவனுக்கும் கல்லு ஒரே மாதிரி தெரியாது. ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல இன்னிக்கும் போட்டோ பக்கத்துலயே கோட்டுப் படம் போடுறது இதனாலதான்.

படமும் பொய் சொல்லும், அதையும் சொல்லிடணும். அந்தக் காலத்துப் படங்களை அச்சுத் தகட்டுல, இல்லைன்னா அச்சுக்கல்லுல வரைஞ்சு அடிப்பாங்க, தாள்ல விழறப்ப இடம் வலமாகும். வரையறவர் அதை ஞாபகம் வெச்சு தலைகீழா வரையலைன்னா, சாதாரண சங்கு புத்தகத்துல வலம்புரியாகிடும்! ரெம்பிராண்ட்டே 1650-ல் ஒரு சங்கு வகையை அப்படித்தான் மாத்தி அச்சடிச்சார். இன்னும் மோசம், 1726-ல் ஜெர்மனியில் பெரிங்கர் என்ற பேராசிரியர், மத்தவங்க செதுக்கிப் போட்ட போலிக் கற்களை நிஜம்னு நம்பி, அழகழகா படம் போட்டுப் புத்தகமே வெளியிட்டார். நல்லா வரைஞ்சதால போலி நிஜமாகாது.

சரி, போட்டோ பொய் சொல்லாதா? 1989-ல் ‘நேச்சர்’ இதழில் ஆஸ்திரேலியாவின் ஜான் டேலண்ட் ஒரு பெரிய மோசடியை அம்பலப்படுத்தினார். நம்ம நாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தர் பல வருஷமா இமயமலையில கிடைச்சதுன்னு சொல்லி வெளியிட்ட ஃபாசில்கள்ல நிறைய, வேற நாட்டுலேர்ந்து வந்ததுன்னு காட்டினார். போட்டோ எல்லாம் சுத்தமான போட்டோ. ஃபாசிலும் நிஜ ஃபாசில். பொய் இருந்தது ‘எங்க கிடைச்சது’ங்கிற ஒரு வரியிலதான்.

அதனாலதான், படத்தோட மூலையில எழுதுற அந்தக் குட்டிக் குறிப்பு படத்தைவிட முக்கியம்: எந்த ஊர், எந்த நிலம், எத்தனை அடி ஆழம், என்ன தேதி, யார் வரைஞ்சது. நம்ம டைட்டில் பிளாக்தான். அதுல பேரும் ரோல் நம்பரும் போட்டுட்டு மிச்சத்தை விட்டுடுவோமே, அதே கட்டம்.

நாம என்ன செய்யலாம்

சேதராப்பட்டு, கரசூர் பக்கம் பைக்ல போயிட்டு வாங்க. கம்பெனி, குடோன், பிளாட் போட்ட கல்லு. வளர்ச்சி வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்லை, எனக்கும் அடுத்த வருஷம் வேலை வேணும். ஆனா இந்தப் பாறை பெருசா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மலை இல்லை. கிணறு வெட்டினா, போர் போட்டா, அஸ்திவாரம் தோண்டினா மட்டும் ரெண்டு நாள் முகம் காட்டும். அந்த ரெண்டு நாள்ல அங்க இருக்கப்போறது லண்டன் விஞ்ஞானி இல்லை. அந்த ஊர்லேர்ந்து நம்ம காலேஜுக்கு வர்ற ஒரு ஸ்டூடண்ட்.

உங்ககிட்ட ஏற்கெனவே எல்லாம் இருக்கு. பரண் மேல டிராஃப்டர், பெட்டிக்குள்ள டிவைடர், லேப்ல வெர்னியர். கல்லைப் பார்த்தா முதல்ல ஸ்கேல் வெச்சு போட்டோ. அப்புறம் உட்கார்ந்து மூணு தோற்றம், நிஜ அளவுலயே. பெருசா இருந்தா ஸ்கேலை எழுதுங்க. உடைஞ்ச பகுதியை உடைஞ்ச மாதிரியே விடுங்க, ஊகிச்சதைப் புள்ளிக்கோட்டுல போடுங்க. டைட்டில் பிளாக்கை நிரப்புங்க. ஜியாலஜி தெரிஞ்ச ஒருத்தருக்கு அனுப்புங்க. சுத்தியலால தட்டி எடுக்காதீங்க, திருவக்கரையிலேர்ந்து ஒரு சில்லு கூட பாக்கெட்ல போடாதீங்க. வரைஞ்சு எடுத்துட்டு வர்றதுக்கு எந்தத் தடையும் இல்லை.

கிராபிக்ஸ் எடுக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பதினஞ்சு ஷீட்டுல ஒரே ஒரு ஷீட், புத்தகத்துல இல்லாத பொருளா கொடுங்க. வீராம்பட்டினம் கடற்கரைச் சிப்பி போதும். ஆளுக்கு ஒரு சிப்பி. எந்தச் சீனியர்கிட்டயும் அந்த ஷீட் இருக்காது. கண்ணாடிக்குக் கீழ டார்ச் அடிச்சுப் பிரயோஜனம் இல்லை.

கடைசியா என் கதைக்கு வர்றேன். அஸ்திவாரத்துக்குப் போன கல்லை ஞாபகத்துலேர்ந்து வரைஞ்சு அனுப்பட்டுமான்னு பேராசிரியர்கிட்ட கேட்டேன். “வேண்டாம். ஞாபகம் தனக்குப் பிடிச்சதைத்தான் வரையும்”னு சொல்லிட்டார். அதனால போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை திருவக்கரைக்குப் போய், பூங்காவுல ஒரு கல்மரத்துக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைஞ்சேன். நீளம், சுற்றளவு, பட்டையில ஓடுற கோடு, முனையில தெரியற குறுக்குவெட்டு. நாலு வருஷத்துல நான் டிரேஸ் பண்ணாத முதல் ஷீட். பெருமையா போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

பாராட்டு வரும்னு நினைச்சேன். கேள்விதான் வந்துது.

“குறுக்குவெட்டுல வட்ட வட்டமா வளையம் போட்டிருக்கீங்களே, அது நீங்க பார்த்ததா? மரம்னா வளையம் இருக்கணும்னு போட்டதா?”

ஷீட்டைப் பார்த்தேன். பதினோரு வளையம், காம்பஸ் வெச்ச மாதிரி சுத்தமா. எப்ப போட்டேன்னே ஞாபகம் இல்லை. அன்னிக்கு எடுத்த போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன், வெயில்ல முனை வெளுத்துப் போய் ஒண்ணும் தெரியலை.

இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன், ரப்பரோட. வில்லியனூர்லேர்ந்து காலையில கிளம்புறேன், பைக்ல பின் சீட் காலியா இருக்கு. பென்சில் மட்டும் நீங்க கொண்டு வாங்க.